பிரஷர் உள்ள பெரியவர்களுக்கு: ஒளிந்திருக்கும் உப்பைத் தேடுங்கள்

“அம்மாவுக்குக் கறியில் உப்புக் குறைத்துத்தான் போடுகிறோம், ஆனாலும் பிரஷர் இறங்கவில்லை” என்று கொழும்பில் பல வீடுகளில் கேட்கலாம். கறிச்சட்டியை விட்டு மற்றதைப் பாருங்கள். கருவாடு, மாசி போட்ட சம்பல், ஊறுகாய், பப்படம், சோயா சோஸ், சூப் கட்டி, ஏன், காலையில் கடையில் வாங்கும் பாணிலும் உப்பு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவு. எல்லாம் சேர்த்தே ஒரு தேக்கரண்டிதான்.

வயது ஏற இரத்தக்குழாய்கள் விறைப்பதால் உப்பு பிரஷரைக் கூடுதலாக ஏற்றும். அதற்காக ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். ருசியில்லை என்று சாப்பாட்டையே ஒதுக்கிவிடுவார்கள், வயதானவர்களுக்கு அது பெரிய கெடுதல். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்குப் பழகிவிடும். தேசிக்காய்ப் புளி, மிளகு, உள்ளி, கறிவேப்பிலை தாராளமாகச் சேருங்கள்.

அப்புறம், உப்பைக் குறைப்பது பாதி வேலைதான். வெள்ளவத்தைப் பக்கம் மரக்கறி வாங்கப் போனால் வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை என ஏதாவது ஒரு கீரையை எடுத்து வாருங்கள். கீரை, பருப்பு, வாழைப்பழத்திலுள்ள பொட்டாசியம், உப்பிலுள்ள சோடியத்தைச் சிறுநீரோடு வெளியேற்ற உதவும். வல்லாரைச் சம்பலுக்கு மாசி வேண்டாம், தேங்காய்ப்பூவும் தேசிக்காயும் போதும்.

சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் மட்டும் பொட்டாசியத்தைக் கூட்டுமுன் டாக்டரைக் கேட்க வேண்டும். சோடியம் குறைந்த உப்புப் பாக்கெட்டிலும் பொட்டாசியம்தான் சேர்த்திருப்பார்கள், அதற்கும் இதே எச்சரிக்கை. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எழும்பும்போது தலை சுற்றினால் அடுத்த கிளினிக் வரை காத்திராமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.