பச்சக்குழந்தை டாக்டரோட படிப்பு, ரிசர்ச் எல்லாம் எப்படி செக் பண்றது? (பாண்டி, கடலூர்காரங்களுக்கு)

போர்டுல "பச்சிளம் குழந்தை நிபுணர்"னு இருந்தா அதோட நின்னுடாதீங்க, பேருக்குப் பின்னாடி என்ன போட்டிருக்குன்னு பாருங்க. டிசிஹெச்னா 2 வருஷ டிப்ளமோ, எம்டி பீடியாட்ரிக்ஸ்னா 3 வருஷம், ரெண்டு பேருமே குழந்தை டாக்டர்தான், நிறைமாசத்துல நல்லபடியா பிறந்த குழந்தைக்கு இவங்களே தாராளமா போதும். அதுக்கு மேல டிஎம் இல்லன்னா டிஆர்என்பி நியோனட்டாலஜின்னு இன்னொரு 3 வருஷம் படிச்சவங்கதான் பச்சக்குழந்தைக்குன்னே படிச்சவங்க, நம்ம ஜிப்மர்லயே அந்த டிஎம் இருக்கு. ஃபெல்லோஷிப்னு போட்டிருந்தா எங்க, எத்தனை மாசம்னு கேளுங்க, எல்லாம் ஒரே தரம் கிடையாது.

மருந்து சீட்டுல ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் போட்டே ஆகணும்ங்கிறது ரூல். அத நேஷனல் மெடிக்கல் கமிஷன் சைட்ல இருக்குற டாக்டர் லிஸ்ட்ல அடிச்சா பேரும் படிப்பும் வரும். மேல்படிப்ப தனியா பதிவு பண்ணணும்கிறதால அங்க எம்பிபிஎஸ் மட்டும் காட்டுனா உடனே போலின்னு கத்தாதீங்க, நேர்லயே கேட்டுடுங்க.

ரிசர்ச் பார்க்க பப்மெட்னு டாக்டருங்க எழுதுற ரிசர்ச் பேப்பர தேடுற சைட் இருக்கு, ஃப்ரீதான். நம்ம ஊர் பேருல இனிஷியல்தான் தொல்லை, குமார் எஸ்னு தேடுனா ஊர்ல இருக்குற குமார் எல்லாம் வந்து நிப்பாங்க, அதனால பேரோட ஆஸ்பத்திரி பேரு இல்லன்னா புதுச்சேரின்னு சேர்த்து அடிங்க. எத்தனை பேப்பர்னு எண்ணாதீங்க, எதப் பத்தின்னு பாருங்க. பேப்பரே இல்லாத நல்ல டாக்டருங்களும் நிறைய பேர் இருக்காங்க, என்னைக் கேட்டா புதுசா வர்ற ரிசர்ச்ச வார்டுல செய்றாங்களாங்கிறதுதான் முக்கியம்.

அதுக்கு ஒரு கேள்வி சொல்றேன். 2021ல வந்த டபிள்யூஹெச்ஓ ஸ்டடி, இந்தியாவும் சேர்த்து 5 நாட்டுல பண்ணது, 1 கிலோல இருந்து 1.8 கிலோ வரைக்கும் பிறந்த குழந்தைங்கள உடம்பு தேறட்டும்னு காத்திருக்காம பிறந்ததுமே அம்மா நெஞ்சோட சேர்த்து வச்சதுல 28 நாளுக்குள்ள நடக்குற சாவு கால்வாசி குறைஞ்சுது. இப்படி நெஞ்சோட சேர்த்து வைக்கறதுக்குப் பேருதான் கங்காரு கேர். "கங்காரு கேர் எப்ப ஆரம்பிப்பீங்க, அம்மாவ உள்ள விடுவீங்களா"ன்னு கேளுங்க, பதில்லயே தெரிஞ்சிடும்.

34 வாரத்துக்கு முன்னாடி, இல்ல 2 கிலோவுக்கு கம்மியா பிறந்திருந்தா 4 வாரத்துக்குள்ள கண்ணுல ஆர்ஓபி (குறைமாசக் குழந்தைங்களுக்கு விழித்திரையில வர்ற பிரச்சனை) டெஸ்ட் பண்ணணும், அத யாரு வந்து பார்ப்பாங்கன்னும் கேளுங்க. அப்புறம் ராத்திரி 2 மணிக்கு என்ஐசியுல (பச்சக்குழந்தைங்களோட ஐசியு) யாரு இருப்பாங்க, டாக்டரா வெறும் நர்ஸ் மட்டுமான்னு அட்மிஷனுக்கு முன்னாடியே கேட்டுடுங்க, டிகிரி வாங்குனவரு வீட்ல தூங்கிட்டிருந்தா பிரயோஜனம் இல்ல.