அருங்காட்சியகத்திலிருந்து திசு மாதிரி கேட்டுப் பெறுவது எப்படி?

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஊதாத் தவளைக்கு நெருங்கிய சொந்தம் செஷல்ஸ் தீவுகளின் சூக்ளோசிடே குடும்பத் தவளைகள்தான். இரண்டையும் டிஎன்ஏ அளவில் ஒப்பிட விரும்பும் மாணவர் உடனே செஷல்ஸ் போய்த் தவளை பிடிக்க வேண்டியதில்லை. முன்பே எடுத்த திசு ஏதாவது ஓர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கலாம். இன்னோர் உயிரைக் கொல்வதற்கு முன் அதைத் தேடிப் பார்ப்பது நம் கடமை.

1. தேடுங்கள். திசு, டிஎன்ஏ சேகரிப்புகளை இணைக்கும் ஜிஜிபிஎன் (GGBN) என்ற உலக வலையமைப்பு 2011-இல் தொடங்கியது. அதன் தளத்தில் அறிவியல் பெயரைக் கொடுத்தால், எந்த நிறுவனத்திடம் திசுவோ டிஎன்ஏவோ இருக்கிறது என்று காட்டும்.

2. பதிவை நிதானமாகப் படியுங்கள். அவசரம் கூடாத இடம் இதுதான். உறைநிலையில் அல்லது எத்தனாலில் வைத்த திசு என்றால் நல்லது. உடலைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் கிடந்தது என்றால் டிஎன்ஏ துண்டு துண்டாகியிருக்கும். அடுத்து, சான்று மாதிரியின் எண் இருக்கிறதா என்று பாருங்கள். சான்று மாதிரி என்பது திசு எடுத்த அதே விலங்கின் உடல். நாளை இனப்பெயரில் சந்தேகம் வந்தால் அதை எடுத்துப் பார்த்துத்தான் தீர்க்க முடியும்.

3. அந்தச் சேகரிப்பைக் கவனிக்கும் காப்பாளருக்கு எழுதுங்கள். உங்கள் கேள்வி என்ன, எந்த மரபணு, எத்தனை மாதிரி, எந்த ஆய்வகம் என்று ஒரே பக்கத்தில் சொல்லுங்கள். குழாயில் இருப்பது பெரும்பாலும் அரிசி மணி அளவு தசைதான். டிஎன்ஏ எடுக்க, புரோட்டினேஸ் கே என்ற நொதியை ஊற்றிக் கரைத்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. அதனால் பிரித்தெடுத்த டிஎன்ஏ இருந்தால் அதையே கேளுங்கள். கைப்பழக்கம் வேண்டுமென்றால் கறிக்கடைக் கோழியில் பழகிவிட்டு அப்புறம் கேளுங்கள்.

4. தாள்களைச் சரிபாருங்கள். மாதிரியை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் பொருள் பரிமாற்ற ஒப்பந்தத்தில் உங்கள் நிறுவனம் கையெழுத்திட வேண்டும். ஒரு நாட்டின் மரபணு வளங்களைப் பெறுவதையும் பலனைப் பகிர்வதையும் பற்றிய நகோயா நெறிமுறை என்ற சர்வதேச ஒப்பந்தம் 2014 அக்டோபர் 12 முதல் நடப்பில் உள்ளது. எனவே மாதிரி எடுத்த நாட்டின் அனுமதி நகலையும் கேளுங்கள். நீங்கள் இந்தியாவிலிருந்து மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதானால், 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டப்படி அனுமதி தேவையா என்று சென்னையிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்திடம் கேட்டுவிடுங்கள்.

5. அனுப்பும் முறை. எத்தனால் தீப்பிடிக்கும் பொருள். விமானத்தில், அபாயப் பொருள்களுக்கான விதிகளில் உள்ள ஏ180 என்ற சிறப்பு விதியின்படி, ஒரு குழாயில் 30 மில்லிலிட்டருக்கு மேல் போகாமல், உறிஞ்சும் பொருள் வைத்துப் பைக்குள் மூடி அனுப்ப வேண்டும்.

6. முடிந்த பிறகு மீதி டிஎன்ஏவைத் திருப்பி அனுப்புங்கள். ஜென்பேங்க் என்ற பொதுத் தரவுத்தளத்தில் டிஎன்ஏ வரிசையைப் பதிவேற்றும்போது சான்று மாதிரியின் எண்ணைக் கட்டாயம் சேருங்கள். ஜென்பேங்க் தரும் பதிவு எண்களைக் காப்பாளருக்கும் அனுப்பிவிட்டால், அடுத்து கேட்பவருக்குத் திசுவே தேவைப்படாமல் போகலாம்.