மருத்துவத்துக்கு முன் நியூட்ரிஷன் எம்.எஸ்.: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன் நியூட்ரிஷனில் ஒரு முதுகலை முடித்துவிடலாம் என்று நினைக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு கோடையிலும் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். நானும் அந்த வழியாகத்தான் மருத்துவத்துக்குள் வந்தேன். எங்கள் வகுப்பில் நடந்த அதே குளறுபடிகள் இன்றும் அச்சு மாறாமல் நடக்கின்றன. கடைசித் தேதியைத் தவறவிடுவது, கட்டுரையில் பிழை விடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை.

எம்.எஸ். மதிப்பெண் பழைய ஜி.பி.ஏ.வைத் தூக்கிவிடும் என்று நம்புவது

இதைக் கேட்டால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. பெரும்பாலான எம்.டி. (அமெரிக்காவில் அடிப்படை மருத்துவப் பட்டம்) கல்லூரிகளுக்கு விண்ணப்பம் ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாகப் போகிறது. அங்கே இளநிலைப் பாடங்களுக்கு ஒரு ஜி.பி.ஏ. (4.0-க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்), முதுகலைப் பாடங்களுக்கு வேறொரு ஜி.பி.ஏ. ஒன்றின் மதிப்பெண் மற்றொன்றில் சேராது. 120 கிரெடிட்டில் (பாடங்களின் எடையளவு) 3.1 வைத்திருப்பவர், முதுகலையின் 30 கிரெடிட்டிலும் 4.0 வாங்கினாலும் இளநிலைக் கட்டத்தில் அந்த 3.1 அசையாமல் நிற்கும். அதே 30 கிரெடிட்டை, பட்டம் வாங்கிய பிறகு இளநிலை மட்டத்துப் பாடங்களாகப் படித்திருந்தால் 3.28 ஆகியிருக்கும்.

இதோடு முடியவில்லை. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கையும் பிரித்தெடுத்து அறிவியல் ஜி.பி.ஏ. என்று தனியாகக் கணக்கிடுவார்கள். ஆம்காஸின் பாடப் பகுப்பில் நியூட்ரிஷன் அந்த நான்கில் வராது. உடல்நல அறிவியல் என்ற வேறு பிரிவில் இருக்கிறது. வளர்சிதை மாற்ற உயிர்வேதியியல் போன்ற பாடத்தை அதன் உள்ளடக்கத்தைக் காட்டி அறிவியலில் சேர்க்க முடியும். சமூக ஊட்டச்சத்து, உணவுக் கொள்கை ஆகியவற்றை எப்படித் திருப்பிப் போட்டாலும் சேர்க்க முடியாது.

நியூஜெர்சியில் எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்ப் பெண் கரிம வேதியியலில் சி வாங்கியிருந்தாள். அதைச் சரிக்கட்டத்தான் எம்.எஸ். சேர்ந்தாள். கொள்கை, ஆலோசனைத் திறன், சமூக ஊட்டச்சத்து என்று படித்து எல்லாவற்றிலும் ஏ வாங்கினாள். தேர்வுக் குழுவுக்கு இருந்த சந்தேகமோ ஒன்றே ஒன்று: முதலாண்டு மருத்துவப் பாடச்சுமையை இந்தப் பெண் தாங்குவாளா? அவள் படித்த எந்தப் பாடமும் அதற்குப் பதில் சொல்லவில்லை. வீட்டின் மேல் கடன் வாங்கிப் பணம் கட்டிய அப்பாவிடம், “உங்கள் மகளின் விண்ணப்பத்தை இது வலுப்படுத்தும்” என்று சேர்க்கை அலுவலர் சொல்லியிருக்கிறார். அதைப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. எனக்குக் கோபமே அதில்தான். பிறகு மாலை வகுப்பில் சேர்ந்து கரிம வேதியியலை மறுபடி படித்தாள். முதலிலேயே அதைச் செய்திருந்தால் பட்டச் செலவு மிஞ்சியிருக்கும்.

பழைய மதிப்பெண்ணை ஈடுகட்டுவதுதான் நோக்கம் என்றால், மருத்துவக் கல்லூரியின் முதலாண்டுப் பாடங்களையே படிக்க வைக்கும் சிறப்பு முதுகலைப் படிப்புகள் இருக்கின்றன; ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் நடத்துவது அதில் பெயர் பெற்றது. மதிப்பெண் ஏற்கெனவே நன்றாக இருந்து, ஊட்டச்சத்தில் மெய்யான ஆர்வமும் இருந்தால் நியூட்ரிஷன் எம்.எஸ். அருமையான படிப்பு. அப்போதும் உயிர்வேதியியலும் உடலியங்கியலும் கனமாக இருக்கும் பாடத்திட்டத்தைத் தேடுங்கள்.

நாட்காட்டியைப் பார்க்காமல் சேருவது

மருத்துவக் கல்லூரி விண்ணப்பங்களை மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் அனுப்பத் தொடங்குவார்கள். வகுப்பில் உட்காருவது மறு ஆண்டுக் கோடையின் கடைசியில். ஓராண்டு எம்.எஸ். ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடியும். சேரும் முன்பே விண்ணப்பித்தால் காட்டுவதற்கு ஒரு மதிப்பெண்கூட இருக்காது. முடித்த பிறகு விண்ணப்பித்தால் இடையில் ஓராண்டு காலி. இரண்டில் எது என்று முன்கூட்டியே முடிவு செய்யாதவர்கள் டிசம்பரில் வந்து புலம்புகிறார்கள்.

“மருத்துவம் கிடைக்காவிட்டால் டயட்டீஷியன்”

2024 ஜனவரி 1 முதல் பதிவுபெற்ற டயட்டீஷியன் தேர்வை எழுத முதுகலைப் பட்டம் வேண்டும். ஆனால் எல்லா நியூட்ரிஷன் முதுகலையும் அந்தத் தேர்வுக்குக் கொண்டுபோய் விடாது. ஏசென்ட் என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற பாடத்திட்டமும், குறைந்தது 1,000 மணி நேர மேற்பார்வைப் பயிற்சியும் தேவை. பல ஓராண்டுப் படிப்புகளில் இவை கிடையாது.

எம்.எஸ். படித்துக்கொண்டே எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வுக்கும் தயாராவது

வேண்டாம்.

கடன்

2026 ஜூலை 1 முதல், புதிதாகக் கடன் வாங்குவோருக்கு கிராட் பிளஸ் என்ற மத்திய அரசின் கூடுதல் கடன் கிடையாது. முதுகலைக்கு மத்திய அரசின் கடன் ஆண்டுக்கு 20,500 டாலர்தான். பெரிய தனியார் பல்கலைக்கழகங்களின் கட்டணத்துக்கே அது போதாது. வாடகையும் சாப்பாடும் வேறு. மீதிக்குத் தனியார் கடன்தான். அதற்குப் பெரும்பாலும் பெற்றோரின் கையெழுத்தைக் கேட்பார்கள்.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள்

பல அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களின் விண்ணப்பத்தை ஏற்பதே இல்லை. ஏற்கும் கல்லூரிகளைப் பட்டியலிட்டுக்கொண்டு வாருங்கள், எம்.எஸ். பற்றிப் பிறகு பேசலாம்.