மலைப் பனியில் துப்பாக்கி: கட்டையும் குழலும்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் பழைய எஸ்டேட் வீடுகள் சிலவற்றில் தாத்தா காலத்து வேட்டைத் துப்பாக்கி லைசென்ஸோடு இன்னும் இருக்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று வேட்டைக்கு இடமில்லை, அது நல்லதே. ஆனால் குறி சுடப் பழகுபவர்களும், பழையதைப் பழுதுபார்ப்பவர்களும் எந்தக் கட்டை (தோளில் வைத்துப் பிடிக்கும் பகுதி), எந்தக் குழல் என்று கேட்கிறார்கள்.

கட்டைக்கு வால்நட் மரம்தான் அழகு. அதிர்வையும் நன்றாகத் தாங்கும். ஆனால் நம் ஊர் ஈரத்தில் மரம் உப்பும். ரைஃபிளில் உப்பிய கட்டை குழலை அழுத்தினால் குறி தள்ளிப்போகும். தோளில் படும் முனையில் இருக்கும் ரப்பரைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே மரம் பெரும்பாலும் பூச்சில்லாமலே இருக்கும். ஈரம் அதிகம் ஏறுவது அங்கேதான். அந்த இடத்துக்கும் எண்ணெய்ப் பூச்சு கட்டாயம் வேண்டும். மழையிலும் புழங்குவதென்றால் ஃபைபர் கட்டையே மேல்.

குழலுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்லது. அதுவும் துரு பிடிக்கும், கொஞ்சம் தாமதமாக, அவ்வளவுதான். கறுநீலப் பூச்சுள்ள சாதா எஃகுக் குழலைத் தொட்ட பிறகு எண்ணெய்த் துணியால் துடைத்துவிடுங்கள். தோல் உறைக்குள் மாதக்கணக்கில் வைக்காதீர்கள், உறை ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

அப்புறம், ரொம்ப முக்கியம்: குழலில் அலை அலையாகக் கோலம் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம். கரிமருந்து (பழைய கறுப்பு வெடிமருந்து) காலத்தில் இரும்பையும் எஃகையும் முறுக்கிச் செய்தது. இன்றைய தோட்டாவை அதில் போட்டால் குழல் வெடிக்கலாம். லைசென்ஸ் உள்ள பழுதுபார்ப்பவரிடம் காட்டாமல் சுடவே கூடாது.