விவாகரத்துக்குப் பிறகு பிள்ளை உங்களிடம் முகம் திருப்பினால்

அதுவரை தோளில் தொங்கிக்கொண்டிருந்த பிள்ளை, விவாகரத்து முடிந்த சில மாதங்களில் "நீங்க இனிமே வர வேண்டாம்" என்று சொன்னால் கேட்பவருக்கு நெஞ்சே அடைத்துவிடும். அடுத்த நொடியே "எல்லாம் அங்கே சொல்லிக்கொடுத்து அனுப்பினது" என்று வாயில் வரும். அதைச் சொல்லாதீர்கள். உண்மையாகவே இருந்தாலும் சொல்லாதீர்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிள்ளை ஒதுங்குவதற்கெல்லாம் யாரோ தூண்டிவிட்டதுதான் காரணம் என்று முடிவு கட்டக்கூடாது. வீட்டில் அடி, மிரட்டல், குடிப்பழக்கம் இருந்திருந்தால் அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது, அங்கே முதலில் பார்க்க வேண்டியது பிள்ளையின் பாதுகாப்பை. மூன்று வயதுக் குழந்தை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும்போது அழுவது இயல்பு, பதினான்கு வயதில் நண்பர்களை விட்டுவிட்டு வர மனம் வராததும் இயல்பு. ரிச்சர்ட் கார்ட்னர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1985-ல், ஒருவர் தூண்டிவிட்டு பிள்ளை மற்றவரை ஒதுக்கும் விலகலுக்கு 'பெற்றோர் விலக்கல் நோய்க்குறி' (Parental Alienation Syndrome) என்று ஒரு நோய்ப் பெயரே வைத்தார். ஆனால் 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 என்ற மனநல வகைப்பாட்டு நூலில் அது ஒரு நோயாக இடம்பெறவில்லை, உண்மையான வன்முறையை மறைக்க அந்தப் பெயர் பயன்படுகிறது என்ற எதிர்ப்பும் இன்றுவரை பலமாக இருக்கிறது. அதனால் பெயரைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் பிள்ளையின் நடத்தையைக் கவனியுங்கள்.

என்ன கவனிப்பது? தூண்டிவிட்டு வந்த விலகல் என்றால் வெறுப்பு மலையளவு இருக்கும், காரணம் கேட்டால் "நீங்க சத்தமா தும்முவீங்க" என்பது போல ஏதாவது வரும். ஒருவர் முழுக்க நல்லவர், இன்னொருவர் முழுக்கக் கெட்டவர், நடுவில் எதுவுமே இருக்காது. நேற்றுவரை மடியில் படுத்துக் கதை கேட்ட தாத்தா பாட்டியையும் பிடிக்காமல் போகும். நீங்கள் கேட்காமலே "இது நானா எடுத்த முடிவு" என்று சொல்லும். ஏழு வயதுப் பிள்ளையின் வாயில் 'ஜீவனாம்சம்' என்ற சொல் வந்தால் அது எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு ஒன்பது வயதுப் பையன். நாள் முழுக்க அப்பாவோடு பந்து விளையாடி, வயிறு வலிக்கச் சிரித்து, திரும்பி வரும்போது கடைசித் திருப்பத்தில் ஈரத்துணி கேட்டு வாங்கி ஷூவில் இருந்த சேற்றைச் சுத்தமாகத் துடைப்பான். முகத்தில் இருந்த சிரிப்பையும் அங்கேயே இறக்கி வைத்துவிடுவான். வாசலில் இறங்கியதும் உள்ளே கேட்கும்படி "செம போர்" என்பான். சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் அம்மாவின் முகம் வாடிவிடும் என்று அவனுக்குத் தெரியும். இதே காட்சியில் அப்பாவும் அம்மாவும் இடம் மாறியும் இருப்பார்கள்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இந்தப் பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தும். சந்திப்புக்கு முந்தின இரவு வயிற்றுவலி வரும், நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்பும், வகுப்பில் கவனம் சிதறும், தம்பி தங்கை மேல் காரணமில்லாமல் கை ஓங்கும். சில பிள்ளைகள் நேர்மாறாக, ஒரு தொந்தரவும் தராமல் அளவுக்கு மீறி அடங்கிப்போவார்கள், எனக்கு அதிகம் பயம் தருவது இவர்கள்தான், ஏனென்றால் யாரும் இவர்களைக் கவனிக்க மாட்டார்கள்.

சரி, ஒதுக்கப்பட்டவர் என்ன செய்யலாம்? "நீதானே எங்களை விட்டுட்டுப் போனே" என்று பிள்ளை சீறினால் ஆதாரத்தை அடுக்கி வாதாட வேண்டாம். "உனக்கு அவ்வளவு கோபம் இருக்குன்னு புரியுது கண்ணா, சொல்லு, கேட்கிறேன்" என்பதோடு நிறுத்துங்கள். பதிலுக்கு மற்றவரைக் குறை சொன்னால் பிள்ளை அவரைக் காப்பாற்றத்தான் இறங்கும். "அங்கே என்ன பேசிக்கிட்டாங்க" என்று துருவாதீர்கள். அதற்காக எது செய்தாலும் விட்டுவிடுவதும் தப்பு. மனம் கோணக்கூடாது என்று பொருளாக வாங்கிக் குவித்து, மரியாதை இல்லாத பேச்சையும் பொறுத்துக்கொண்டால் பிள்ளைக்குப் பிடிமானமே இல்லாமல் போகும். "கோபப்படு, ஆனா பொருளை எறியக்கூடாது" என்று அமைதியாகச் சொல்லலாம். குறித்த நேரத்துக்குப் போய் நில்லுங்கள். பிள்ளை வராவிட்டாலும் வாசலில் சண்டை வேண்டாம், தேதியும் நடந்ததும் மட்டும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பின்னால் ஆலோசகரோ நீதிமன்றமோ கேட்டால் அது உதவும். குழந்தைகளோடு பழகிய ஆலோசகரிடம் சீக்கிரம் போவது நல்லது, விலகல் பழகிப்போன பிறகு வேலை கடினம்.

பிள்ளை யாரோடு வாழ்கிறதோ அவரிடமும் ஒன்று கேட்கிறேன். நீங்கள் ஒரு வார்த்தைகூடத் தப்பாகப் பேசாமல் இருக்கலாம். ஆனால் போன் வந்ததும் விடும் பெருமூச்சு, திரும்பி வந்ததும் காட்டும் மௌனம், "உனக்கு இஷ்டம் இல்லைனா போக வேண்டாம்" என்ற அந்தச் சலுகை, எல்லாமே பிள்ளை காதில் ஒரு கட்டளையாகத்தான் விழும். அனுப்பும்போது "போய் நல்லா விளையாடிட்டு வா, நான் நல்லாத்தான் இருப்பேன்" என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளையின் தோள் இறுக்கம் தளர்ந்து இறங்குவது தெரியும். பணம், வழக்கு பற்றிய செய்தியைப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்பவே வேண்டாம்.

தன்னையே காயப்படுத்திக்கொள்வது, சாகலாம் போலிருக்கிறது என்ற பேச்சு, பல நாள் தூங்காமல் இருப்பது இவற்றில் எது தென்பட்டாலும் யார் மேல் தப்பு என்ற கணக்கைத் தள்ளி வைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

சந்திப்பே நின்றுபோயிருந்தால், மெசேஜ் அனுப்பத் தடை ஏதும் இல்லாத பட்சத்தில், வாரம் ஒரு நாள் குறித்துக்கொண்டு ஒரு வரி அனுப்புங்கள். "உன் பழைய சைக்கிளைத் துடைச்சு வெச்சேன், உன் ஞாபகம் வந்துச்சு." அவ்வளவுதான், "ஏன் பதில் போடலை" என்று கேட்க வேண்டாம். எட்டு மாதம் கழித்து "ம்" என்று ஒரே எழுத்து வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் பேசச் சொல்லாதீர்கள். அடுத்த வாரம் அதே நாளில் அடுத்த வரியை அனுப்புங்கள்.