ஏப்ரல் வந்தால் ஹொக்கிக் கதைதான்: ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஏப்ரல் நடுப்பகுதியில் ரொறன்ரோவில் கார்களில் நீலக்கொடி பறக்கத் தொடங்கும். ஏதோ தேர்தல் என்று நினைத்துவிடாதீர்கள். அது ரொறன்ரோ ஹொக்கி அணியான மேப்பிள் லீவ்ஸின் நிறம். என்எச்எல் என்ற ஹொக்கி லீக்கின் ஸ்ரான்லி கிண்ணத்துக்கான பிளேஓஃப், அதாவது இறுதிக்கட்ட ஆட்டங்கள், தொடங்கும் காலம். ஜூன் வரை வேலைத்தலத்துச் சாப்பாட்டு மேசையில் இதுதான் கதை.

இங்கே ஹொக்கி என்றால் ஐஸில் ஆடுவது மட்டும்தான். ஊரில் பள்ளிக்கூட மைதானத்தில் ஆடியதைச் சொல்வதென்றால் 'ஃபீல்ட் ஹொக்கி' என்று சொல்லவேண்டும்.

கணக்கு சுலபம். என்எச்எல் லீக்கின் 32 அணிகளில் 16 பிளேஓஃபுக்குப் போகும். ஒவ்வொரு சுற்றிலும் அதே இரண்டு அணிகள் திரும்பத் திரும்ப மோதும், அதைத்தான் சீரிஸ் என்பார்கள். முதலில் நான்கு ஆட்டம் வென்ற அணி அடுத்த சுற்றுக்கு. இப்படி நான்கு சுற்று. அதனால் "லீவ்ஸ் நேற்றுத் தோற்றுவிட்டதாமே, அவ்வளவுதானா?" என்று கேட்காதீர்கள். "சீரிஸ் எத்தனைக்கு எத்தனை?" என்று கேளுங்கள், உடனே நாற்காலி இழுத்துப் போடுவார்கள்.

ஆட்டம் 20 நிமிடம் வீதம் மூன்று பகுதி. சமநிலை என்றால், யாராவது ஒரு கோல் போடும்வரை 20 நிமிடம் 20 நிமிடமாக நீளும். 1936இல் ஓர் ஆட்டம் ஆறாவது ஓவர்ரைம் வரை போனது. மனேஜர் சிவந்த கண்ணோடு வரும் காலையில் லீவு கேட்காமல் இருப்பது நல்லது.

சொல்லக்கூடாத ஒன்றும் உண்டு. நான் வந்த முதல் வருடம், வேலையிடத்தில் ஒரு பெரியவரிடம் "உங்கள் அணி கடைசியாக எப்போது கிண்ணம் வென்றது?" என்று சும்மா கேட்டுவிட்டேன். மேசையே அமைதியாகிவிட்டது. அவர் கையிலிருந்த ரிம் ஹோர்ட்டன்ஸ் கப்பைத் திருப்பிக் காட்டினார். "இந்தப் பெயருக்குரிய ஆள் விளையாடிய காலத்தில்."

பகிடி இல்லை. கோப்பிக்கடைக்குப் பெயர் தந்த ரிம் ஹோர்ட்டன் லீவ்ஸின் தடுப்பாட்டக்காரர். 1967இல் லீவ்ஸ் கடைசியாக வென்றபோது அணியில் இருந்தவர். அதற்குப் பிறகு கிண்ணம் இந்தப் பக்கம் வரவில்லை. பொஸ்ரனிடம் மட்டும் 2013, 2018, 2019, 2024 என்று நான்கு தடவை ஏழாவது ஆட்டத்தில் தோற்றார்கள். கனடாவுக்கே கடைசிக் கிண்ணம் 1993இல் மொன்றியல் வென்றதுதான். 2025 வரை வேறு கனடிய அணி எதுவும் வெல்லவில்லை. 2024 இறுதிச் சீரிஸில் எட்மன்ரன் முதல் மூன்று ஆட்டங்களையும் புளோரிடாவிடம் இழந்து, அடுத்த மூன்றையும் வென்று, ஏழாவதை ஒரே கோலால் கோட்டைவிட்டது. ஹொக்கி தெரியாத என் மனைவிக்கே அன்று நித்திரை இல்லை.

லீவ்ஸ் ஆடும் அரங்கம் யூனியன் ஸ்டேஷனோடு ஒட்டியிருக்கிறது. ஆட்டமுள்ள நாளில் டவுன்டவுனில் வேலை என்றால், மாலை ரயிலில் நிற்கவும் இடம் கிடைக்காது, நேரத்தோடு கிளம்பிவிடுங்கள். டிக்கெட் விலையை முதல் வருடம் பார்க்கவே வேண்டாம், வீட்டு டிவி போதும்.

கிண்ணத்தைப் பார்க்க ஆசையென்றால், யங் வீதியும் ஃப்ரண்ட் வீதியும் சந்திக்கும் இடத்தில் ஹொக்கி ஹோல் ஒஃப் ஃபேம் என்ற ஹொக்கி அருங்காட்சியகம் இருக்கிறது. 1892இல் ஆளுநர் நாயகமாக இருந்த ஸ்ரான்லி பிரபு கொடுத்த பழைய சின்னக் கிண்ணமும் அங்கேதான். வென்றவர்களின் பெயர்களைக் கிண்ணத்திலேயே பொறித்துவைக்கிறார்கள். பிள்ளைகளோடு நான் போன அன்று, ஒரு தாத்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு 1967ஐத் தேடிக்கொண்டிருந்தார்.