100-ல் போகிற காரை 80-க்கு இறக்கிப் பாருங்கள்

நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர்கள் 80-க்கு இறங்கினால் பெட்ரோல் நன்றாகவே மிச்சமாகும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப (வேகம் 2 மடங்கானால் எதிர்ப்பு 4 மடங்காக) ஏறும் என்பதால், இந்த 20-ஐக் குறைத்தாலே காற்றைத் தள்ள வேண்டிய விசை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. நேரமா? 20 கிலோமீட்டருக்கு 12 நிமிடம் ஆவது 15 ஆகும், அவ்வளவுதான். அந்த 3 நிமிடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்துவிடப் போகிறோம்! அப்புறம், ஆக்சிலரேட்டரில் கால் தளர்ந்ததும் விறைத்திருந்த தோள்பட்டையும் தானாக இறங்கும், கவனியுங்கள்.

சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிற ஊருக்குள் இந்தக் கணக்கு எடுபடாது, அங்கே அடிக்கடி பிரேக் போட்டுக் கிளம்புவதுதான் பெட்ரோலைத் தின்கிறது. முந்துகிறவர்களுக்கான தடத்தில் மட்டும் 80-ல் ஊர்ந்து, பின்னால் வருகிறவரிடம் திட்டு வாங்காதீர்கள்.